குறட்டை நிற்கிற நேரம்: நித்திரை மூச்சடைப்புக்குக் கத்தியில்லாத வைத்தியம்

எங்கள் வாப்பாவின் குறட்டை ஊரறிந்த குறட்டை. "உங்கட மனுசன் நித்திரையாகிட்டாரு எண்டா எங்கட வீட்டுக்கே தெரியும்" என்று பக்கத்து வீட்டு மாமி உம்மாவைப் பகிடி பண்ணுவா. உம்மாவும் சிரித்துக்கொண்டு, "அவருக்கென்ன, படுத்தா மரக்கட்டதான்" என்பா. குறட்டை நல்ல நித்திரையின் அடையாளம் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தோம். அப்படி இரவெல்லாம் நித்திரை கொண்ட மனிதர் பகலில் கடையில் லாச்சிக்குப் பின்னால் இருந்தபடியே தூங்கி விழுவது ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பிரஷருக்கு மூன்று விதமான குளிசை குடித்தும் பிரஷர் ஏன் இறங்கவில்லை என்றும் கேட்கவில்லை. 58 வயதில், ஒரு நாள் சுபஹு பாங்குக்கு முன், நித்திரையிலேயே மௌத்தானார். "பாயில் கிடந்து கஷ்டப்படாத மௌத்து" என்று ஊர் ஆறுதல் சொன்னது. நாங்களும் அதில் ஆறுதல் கண்டோம்.

அது நடந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. இப்போது எனக்கு 46 வயது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலையில் என் மனைவி தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னாள்: "இஞ்சப் பாருங்க, நீங்க குறட்டை விட்டா எனக்குப் பயமில்ல. குறட்டை நிக்கிற நேரந்தான் பயம். மூச்சே இல்லாமக் கிடக்கிறீங்க. ராத்திரி நான் எண்ணிப் பாத்தன். முப்பது எண்ணும் வரைக்கும் மூச்சில்ல."

நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. வாப்பாவின் குறட்டை மகனுக்கு வந்திருக்கிறது என்று பகிடியாக்கினேன். ஒரு வருடம் போனது. பாடசாலை விட்டு மகளை மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்த ஒரு வெயில் நாளில், நேரான தெருவில், கண் திறந்தபடியே தூங்கிவிட்டேன். சில்லு தெருவை விட்டு மணலில் இறங்கியது எனக்குத் தெரியாது. மகள் முதுகில் அடித்து "வாப்பா!" என்று கத்தியதுதான் தெரியும். அல்ஹம்துலில்லாஹ், இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கிழமையே டொக்டரிடம் போனேன்.

நான் வைத்தியன் அல்லன், தமிழ் படிப்பிக்கிறவன். வைத்தியர்களிடம் கேட்டும், வாசித்தும், நோயாளியாக இருந்தும் நான் விளங்கிக்கொண்டதை எங்கள் ஆட்களுக்கு எங்கள் மொழியில் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். வளர்ந்தவர்களுக்கு வரும் இந்த நோயை, சத்திரசிகிச்சை இல்லாமலே பெரும்பாலும் கட்டுப்படுத்தலாம் என்பதே இதன் சாரம்.

பெயரும் பொருளும்

இந்த நோய்க்கு ஆங்கில வைத்தியத்தில் 'ஸ்லீப் அப்னியா' என்று பெயர். 'அப்னியா' கிரேக்க வேரிலிருந்து வந்த சொல். மூச்சின்மை என்பது பொருள். நான் இங்கே 'நித்திரை மூச்சடைப்பு' என்று எழுதுகிறேன். அதற்குக் காரணம் உண்டு. இந்நோயாளிகளில் மிகப் பெரும்பாலானோருக்கு நெஞ்சு மூச்செடுக்க முயன்றுகொண்டேதான் இருக்கிறது. தொண்டையில் வழி அடைபட்டிருப்பதால் காற்று உள்ளே போவதில்லை. மூளை மூச்செடுக்கக் கட்டளையிடாமல் விட்டுவிடும் இன்னொரு வகையும் உண்டு. இருதயம் பலவீனப்பட்ட சிலரிடமும், அபின் சார்ந்த வலிநிவாரணிகள் எடுப்பவர் சிலரிடமும் அது காணப்படும். அதற்கான வைத்தியம் வேறு. இங்கே நான் பேசுவது அடைப்பு வகையைப் பற்றி மட்டுமே.

கம்பராமாயணம் படிப்பிக்கும்போது கும்பகர்ணனை எழுப்பப் பட்ட பாட்டைச் சொன்னால் வகுப்பே சிரிக்கும். ஆங்கிலத்தில் சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1836-37இல் தொடராக எழுதிய 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலிலும் ஜோ என்றொரு பருத்த பையன் வருவான். எந்த வேலையின் நடுவிலும் தூங்கிவிடுவான், குறட்டையும் விடுவான். 1956இல் அமெரிக்க வைத்தியர்கள் பருத்த உடலும் பகல் தூக்கமும் சேர்ந்த ஒரு நோய்நிலைக்கு அந்த நாவலின் பெயரையே வைத்தார்கள். நித்திரையில் தொண்டை அடைபடுவதுதான் அதற்குள் ஒளிந்திருந்த பெரிய காரணம் என்பது 1965இல் பிரான்ஸ், ஜேர்மன் ஆய்வாளர்கள் நோயாளிகளை இரவு முழுவதும் கருவி வைத்துக் கவனித்த பிறகே தெளிவானது. அதுவரை இலக்கியத்திலும் வீட்டிலும் இது சிரிப்புக்குரிய விஷயமாகவே இருந்தது. எங்கள் வீட்டில் இன்னும் நாற்பது வருடம் கூடுதலாக இருந்தது.

மூச்சு எங்கே அடைபடுகிறது?

மூக்குக்குள் எலும்பின் தாங்கல் இருக்கிறது. கழுத்துக்குக் கீழே மூச்சுக்குழாயைக் குருத்தெலும்பு வளையங்கள் தாங்குகின்றன. இவை இரண்டுக்கும் இடைப்பட்ட தொண்டைப் பகுதிக்கு அப்படியான தாங்கல் எதுவும் இல்லை. இருக்கவும் கூடாது. சோற்றை விழுங்கவும், ழகரத்தையும் ஙகரத்தையும் சொல்லவும் அந்த இடம் அசைந்து கொடுக்க வேண்டும். விழித்திருக்கும்போது நாக்கையும் தொண்டைச் சுவரையும் தசைகள் இழுத்துப் பிடித்து வழியைத் திறந்து வைக்கின்றன. நித்திரையில் அந்தத் தசைகள் தளர்கின்றன. நாக்கு பின்னால் சரிகிறது. வழி ஒடுங்குகிறது. ஒடுங்கிய வழியில் காற்றுப் போகும்போது மென்மையான பகுதிகள் அதிர்கின்றன. அந்த அதிர்வே குறட்டை.

கழுத்தைச் சுற்றிக் கொழுப்புச் சேர்ந்தவர்களுக்கும், கீழ்த்தாடை சிறிதாகவோ பின்தள்ளியோ இருப்பவர்களுக்கும் வழி இன்னும் ஒடுக்கம். மெல்லிய ஸ்ட்ரோவால் இளநீர் குடிக்கிறோம். கடுமையாக உறிஞ்சினால் அதன் சுவர்கள் ஒட்டிக்கொள்ளும். அதுபோலத் தொண்டையும் மூச்சை உள்ளிழுக்கும் வேகத்தில் ஒட்டிக்கொள்கிறது. குறட்டை நின்றுபோகிறது. நெஞ்சு மட்டும் ஏறி இறங்குகிறது. இரத்தத்தில் ஒட்சிசன் குறைகிறது. ஆபத்தை உணர்ந்த மூளை ஒரு கணம் அரைகுறையாக விழிக்கிறது. தசைகள் இறுகி, 'ஹக்' என்ற சத்தத்தோடு மூச்சுத் திரும்புகிறது. மறுபடி நித்திரை, மறுபடி அடைப்பு. காலையில் எதுவும் நினைவிருக்காது.

குறைந்தது 10 விநாடி மூச்சு நிற்பதை ஒரு தடவை என்று கணக்கிடுவார்கள். மூச்சு முழுதாக நிற்காமல் வெகுவாகக் குறைவதையும் சேர்த்து, ஒரு மணித்தியாலத்துக்கு எத்தனை தடவை என்று எண்ணி நோயைத் தரம் பிரிப்பார்கள். 5 முதல் 15 வரை இலேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரம். 30க்கு மேல் கடுமையானது. எனக்கு 38. அதாவது இரண்டு நிமிடம் போகுமுன் ஒரு தடவை, இரவு முழுவதும், என்னை யாரோ உலுக்கி எழுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் எட்டு மணித்தியாலம் நித்திரை கொண்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு தடவையும் இருதயம் அடித்துப் பதறுகிறது. குருதி அமுக்கம் ஏறுகிறது. இதனால்தான் குளிசைகளுக்கு அடங்காத பிரஷர் உள்ளவர்களிடம் இந்நோய் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். சீனி வருத்தம், இருதயத் துடிப்புக் கோளாறு, பாரிசவாதம், மாரடைப்பு ஆகியவற்றோடும் இதற்குத் தொடர்பு காணப்பட்டுள்ளது. திடீர் இருதய மரணம் பொதுவாக விடியற்காலைக்குப் பிந்திய காலை நேரத்தில்தான் கூடுதல். ஆனால் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில், இந்நோய் இருந்து திடீரென இறந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் நள்ளிரவுக்கும் காலை 6 மணிக்கும் இடையில் இறந்திருந்தார்கள். அதை வாசித்தபோது எனக்கு வாப்பாவின் நினைவு வந்தது. இறந்த ஒருவருக்கு நான் இப்போது நோய் கண்டுபிடிக்க முடியாது. கத்ரை நம்புகிறவர்கள் நாம். ஆயினும் மோட்டார் சைக்கிளில் மகளை ஏற்றிச் செல்கிற எனக்கு, தெரிந்த பிறகும் சும்மா இருக்க உரிமையில்லை.

சாட்சி இன்னொருவர்தான்

தன் குறட்டை தனக்குக் கேட்காது. தன் மூச்சு நிற்பது தனக்குத் தெரியாது. ஆகவே இந்த நோயின் முதல் சாட்சி பக்கத்தில் படுப்பவர்தான். அவர் சொல்வதைப் பகிடியாக்க வேண்டாம். இப்போது கைத்தொலைபேசி இருக்கிறது. ஐந்து நிமிடம் ஒலிப்பதிவு செய்து டொக்டரிடம் போட்டுக் காட்டலாம்.

நோயாளி தானே கவனிக்கக்கூடியவையும் உண்டு. காலையில் தலையிடி, வாய் வறட்சி, இரவில் இரண்டு மூன்று தரம் சிறுநீருக்கு எழும்புதல், ஞாபக மறதி, காரணமில்லாத கோபம், குத்பா தொடங்கியதும் கண் சொருகுதல். இரவில் சிறுநீருக்கு எழும்புவதைச் சீனி என்றும் வயசு என்றும் நினைத்துக்கொள்கிறோம். இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சேட் கொலர் அளவும் ஒரு குறிப்புத்தான். ஆண்களுக்குக் கழுத்துச் சுற்றளவு 17 அங்குலம், பெண்களுக்கு 16 அங்குலம் அல்லது அதற்கு மேல் என்றால் கவனிக்க வேண்டும். ஆனால் மெலிந்தவர்களுக்கு வராது என்று எண்ண வேண்டாம். தாடை அமைப்பினால் எங்கள் ஆசிய நாட்டவரில் மெலிந்தவர்களுக்கும் வருகிறது.

பகல் தூக்கத்தை அளக்க, அவுஸ்திரேலிய வைத்தியர் மரே ஜோன்ஸ் 1991இல் எட்டுக் கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார். வாசிக்கும்போது, கூட்டத்தில் சும்மா இருக்கும்போது, பிரயாணத்தில், பகல் சாப்பாட்டுக்குப் பின் என ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும் தூங்கிவிடும் வாய்ப்புக்கு 0 முதல் 3 வரை புள்ளி போட வேண்டும். மொத்தம் 24. 10க்கு மேல் வந்தால் அது சாதாரணத் தூக்கம் அல்ல. நான் நேர்மையாகப் போட்டபோது 17 வந்தது. அருகில் இருந்த மனைவி, "இது குறைவு" என்று 19 ஆக்கினாள்.

பெண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பொம்பளைக்கும் குறட்டையா என்ற வெட்கத்தில் எத்தனையோ ராத்தாமார் வாய் திறப்பதில்லை. மாதவிடாய் நின்ற வயதுக்குப் பின் அவர்களுக்கு இந்நோய் கூடுகிறது. பலருக்குப் பெரிய சத்தம் இருக்காது. தீராத களைப்பு, தலையிடி, நித்திரையின்மை, மனச்சோர்வு என்றே வெளிப்படும். அதற்கு நித்திரைக் குளிசை கொடுத்தால் தொண்டைத் தசை இன்னும் தளர்ந்து நிலைமை மோசமாகலாம்.

சந்தேகம் வந்தால் சுவாச நோய் நிபுணரிடமோ, காது மூக்கு தொண்டை நிபுணரிடமோ போக வேண்டும். உறுதி செய்வது நித்திரைப் பரிசோதனை. மூச்சு, ஒட்சிசன், நெஞ்சசைவு, இருதயத் துடிப்பு, தேவைப்பட்டால் மூளை அலைகள் எல்லாம் ஓர் இரவு முழுவதும் பதியப்படும். பலருக்கு ஒரு சிறிய கருவியை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டு படுப்பதே போதும். வலி எதுவும் இல்லை. தைரொயிட் சுரப்புக் குறைவாலும் இந்நோய் வரக்கூடும் என்பதால் அதற்கான இரத்தப் பரிசோதனையும் சிலருக்குச் செய்வார்கள்.

கத்தி ஏன் முதல் தெரிவல்ல?

சொந்தக்காரர்கள் கேட்ட முதல் கேள்வி, "வெட்டி எடுக்கலாம்தானே?" என்பது. பிள்ளைகள் விஷயத்தில் அது நியாயமான கேள்வி. பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வீங்கிய தொண்டைச் சதையும் மூக்கின் பின்சதையுமே காரணம். அவற்றை எடுப்பதே அவர்களுக்கு முதல் வைத்தியம். வளர்ந்தவர்களுக்கு அடைப்பு ஓர் இடத்தில் மட்டும் இருப்பதில்லை. உள்நாக்கையும் மென்அண்ணத்தையும் வெட்டிச் சீராக்கினாலும் நாக்கின் அடிப்பகுதி அடைக்கலாம். ஆகவே பலன் ஆளுக்காள் மாறுகிறது. சிலருக்குச் சத்திரசிகிச்சை தேவைப்படத்தான் செய்யும். அது நிபுணர் தீர்மானிக்க வேண்டியது. ஆனால் பெரும்பாலானோருக்கு அதற்கு முன்னால் திறந்திருக்கும் கதவுகள் பல.

1980க்கு முன் கடுமையான நோயாளிக்கு இருந்த நிச்சயமான வைத்தியம் ஒன்றே ஒன்று: கழுத்தில் துளையிட்டு, அடைபடும் இடத்துக்குக் கீழே மூச்சுக்கு வழி செய்வது. அதை மாற்றியவர் சிட்னிப் பல்கலைக்கழகத்தின் கொலின் சலிவன். 1980 ஜூனில், கழுத்தில் துளையிட மனமில்லாத ஒரு கட்டிடத் தொழிலாளியிடம் தன் யோசனையைச் சோதித்துப் பார்த்தார். மூக்குக்குப் பொருந்தும் ஒரு மூடி, அதற்குள் தொடர்ந்து மெல்லிய அமுக்கத்தில் காற்று, வேறொன்றும் இல்லை. அந்த மனிதர் அன்றிரவு மூச்சடைப்பில்லாமல் உறங்கினார். ஐந்து நோயாளிகளின் விவரத்தோடு 1981இல் 'லான்செட்' சஞ்சிகையில் அது வெளியானது. ஆரம்பகால மெஷின்கள் வாக்யூம் கிளீனர் மோட்டாரைக் கொண்டு செய்யப்பட்டவை. உறிஞ்சுகிற மெஷினை ஊதுகிற மெஷினாக மாற்றியதே அந்தக் கண்டுபிடிப்பு.

காற்றே மருந்து

அந்த மெஷினைத்தான் 'சீ-பாப்' என்கிறார்கள். இது ஒட்சிசன் மெஷின் அல்ல. அறையில் உள்ள அதே காற்றை வடிகட்டி, சற்று அமுக்கத்தோடு அனுப்புகிறது. அந்த அமுக்கம் தொண்டைச் சுவர்களை உள்ளிருந்து தாங்குகிறது. காற்று நிரப்பிய டியூப் மடிவதில்லை அல்லவா? அதுதான் தத்துவம். வழக்கமாக 4 முதல் 20 சென்ரிமீற்றர் நீர் அமுக்கத்துக்குள் இருக்கும். 10 சென்ரிமீற்றர் என்றால் வளிமண்டல அமுக்கத்தில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான். அவ்வளவு சிறிய உதவிதான் தொண்டைக்குத் தேவை. இரவில் தேவைக்கேற்ப அமுக்கத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் மெஷின்களும் உண்டு.

இது நோயை அடியோடு மாற்றுவதில்லை. மூக்குக்கண்ணாடி போலத்தான், போட்டிருக்கும் வரை வேலை செய்யும். கழற்றிய இரவில் நோய் திரும்பிவிடும். பகல் தூக்கத்தை நீக்குவதில் இதன் பலன் தெளிவானது; பிரஷரையும் ஓரளவு குறைக்கிறது. ஆனால் மிகைப்படுத்தக் கூடாது. ஏற்கெனவே இருதய நோயோ பாரிசவாதமோ வந்த 2717 பேரிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2016இல் வெளியானது. சீ-பாப் பாவித்தவர்களுக்கு மாரடைப்பும் பாரிசவாதமும் குறைந்ததாக அது காணவில்லை. ஆனால் அவர்கள் சராசரியாக ஓர் இரவுக்கு 3.3 மணித்தியாலம்தான் மாஸ்க் போட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். பாதி இரவு வைத்தியத்துக்குப் பாதிப் பலனாவது கிடைக்குமா என்பதே சந்தேகம்.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. கனவு காணும் நித்திரை விடியற்பக்கமே கூடுதலாக வரும். அப்போது தசைகள் மிகவும் தளர்ந்திருப்பதால் அடைப்பும் பெரும்பாலும் கூடும். சுபஹு தொழுதுவிட்டு, இனி ஒரு மணித்தியாலந்தானே என்று மாஸ்க் இல்லாமல் மறுபடி சாய்கிறோம். இரவின் மிக மோசமான பகுதியை அப்படி வெறும் தொண்டையோடு கழிக்கிறோம். மறுபடி படுத்தால் மறுபடி போட வேண்டும்.

மாஸ்க்கோடு வாழ்தல்

முதல் இரவு எனக்கு மூச்சு முட்டியது. மெஷின் வேலை செய்கிறதா, நான் வேலை செய்கிறேனா என்று தெரியவில்லை. இளைய மகன் எட்டிப் பார்த்து "வாப்பா யானை மாதிரி" என்று சொல்லிவிட்டு ஓடினான். இரண்டு மணித்தியாலத்தில் கழற்றி எறிந்தேன். பலர் இந்த இடத்தில்தான் மெஷினை அலுமாரிக்குள் வைத்து விடுகிறார்கள். ஒரு தாதி சொன்ன உபாயம் எனக்கு உதவியது: பின்னேரத்தில் விழித்திருக்கும்போதே அரை மணித்தியாலம் மாஸ்க் போட்டுக்கொண்டு புத்தகம் வாசியுங்கள், உடம்பு பழகும். ஒரு கிழமை பரீட்சைத் தாள்களை மாஸ்க்கோடு திருத்தினேன். மூன்றாம் கிழமை, முதல் தடவையாக அலாரம் அடித்த பிறகே விழித்தேன். அன்று பின்னேரம் நாலு மணி வரை தலை பாரமில்லாமல் இருந்தது. எத்தனை வருடத்துக்குப் பிறகு என்று யோசித்தேன், விடை தெரியவில்லை.

எங்கள் ஆட்களுக்கு வரும் கேள்விகள் சில.

தாடி: வாயையும் மூக்கையும் மூடும் பெரிய மாஸ்க், தாடி உள்ளவர்களுக்குச் சரியாக ஒட்டாமல் காற்று கசியும். அதற்காகத் தாடியைத் தொடத் தேவையில்லை. மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்தும் சிறிய வகை இருக்கிறது. மூக்கடைப்பு இருந்தால் அதற்கு முதலில் மருந்தெடுக்க வேண்டும்.

நோன்பு: பகல் நித்திரையில் மாஸ்க் போட்டால் நோன்பு முறியுமா? சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1997இல் ஜித்தாவில் எடுத்த தீர்மானத்தில், நோன்பை முறிக்காதவற்றின் பட்டியலில் ஒட்சிசன் வாயுவையும் சேர்த்திருக்கிறது. சீ-பாப் தருவது வெறும் அறைக் காற்று. ஆனால் பல மெஷின்களில் காற்றை ஈரமாக்கத் தண்ணீர்த் தாங்கி ஒன்று இருக்கும். அதைப் பற்றி எங்கள் பள்ளி மௌலவியிடம் கேட்டேன். பேணுதலுக்காகப் பகலில் தாங்கியை வெறுமையாக வைத்துப் பாவியுங்கள் என்றார். நான் அப்படியே செய்கிறேன். உங்கள் ஆலிமிடமும் டொக்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காமல் ஒரு மாதம் வைத்தியத்தை விட்டுவிடாதீர்கள்.

கரண்ட்: 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலத்தை நாம் மறக்கவில்லை. மெஷினுக்கேற்ற பற்றரி வைத்துக்கொள்ளலாம். ஈரமாக்கும் சூடாக்கியை நிறுத்தினால் பற்றரி நீண்ட நேரம் தாங்கும். கரண்ட் இல்லாத இரவில் ஒருக்களித்துப் படுப்பது ஓரளவு கைகொடுக்கும்.

பழைய மெஷின்: வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் அனுப்பும் பாவித்த மெஷின்கள் ஊரில் கிடைக்கின்றன. அமுக்கத்தை டொக்டர் சொன்னபடி அமைக்காமல் பாவிக்கக் கூடாது. சத்தம் குறைக்க வைக்கப்பட்ட நுரைப்பஞ்சு சிதைந்து காற்றோடு வருகிறது என்று 2021 ஜூனில் ஒரு பெரிய கம்பனி ஏராளமான மெஷின்களை மீள அழைத்தது. ஆகவே பழையதை வாங்குமுன் மாதிரி இலக்கத்தைச் சரிபார்க்க வேண்டும். மாஸ்க்கும் குழாயும் புதிதாகவே இருக்க வேண்டும். மாஸ்க்கை நாளாந்தம் இலேசான சவர்க்காரத்தில் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். தாங்கிக்கு வடித்த நீரே நல்லது.

நிறை, பக்கம், தாடை

மெஷின் ஒன்றுதான் வழி என்றில்லை. நிறையைக் குறைப்பது நோயின் வேரிலேயே கை வைப்பது. அமெரிக்காவின் விஸ்கொன்சினில் 690 பேரை நாலு வருடம் கவனித்த ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளியானது. நிறை நூற்றுக்குப் பத்துக் கூடியவர்களுக்கு மூச்சடைப்பு எண்ணிக்கை ஏறத்தாழ 32 வீதம் கூடியது; நூற்றுக்குப் பத்துக் குறைந்தவர்களுக்கு 26 வீதம் குறைந்தது. 90 கிலோ உள்ளவர் 9 கிலோ குறைப்பது என்பது கணக்கில் சுலபம்; சஹனைச் சுற்றி ஆறு பேர் இருந்து "இன்னும் கொஞ்சம்" என்று தள்ளும் எங்கள் கலியாண வீடுகளில் சுலபமல்ல. நான் 2 வருடத்தில் 8 கிலோ குறைத்தேன். இராச் சோற்றைப் பாதியாக்கினேன். அஸருக்குப் பின் கடற்கரையில் நடக்கிறேன். எனக்கு மெஷினின் தேவை நீங்கவில்லை, அமுக்கம் குறைந்திருக்கிறது. இலேசான நோயுள்ள சிலருக்கு நிறை குறைந்ததும் மெஷினே தேவைப்படாமலும் போகலாம். அதையும் பரிசோதித்தே முடிவு செய்ய வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் 2024 டிசம்பரில், உடற்பருமனோடு நடுத்தர அல்லது கடும் மூச்சடைப்பு உள்ளவர்களுக்கு 'டிர்செபடைட்' என்ற ஊசிமருந்தை அனுமதித்தார்கள். நிறையைக் குறைத்து நோயைக் குறைக்கும் மருந்து அது. கடையில் கேட்டு வாங்கிப் போடுகிற மருந்தல்ல.

மல்லாந்து படுத்தால் நாக்கு நேரே பின்னால் விழும். கணிசமானோருக்கு மல்லாந்து படுக்கும்போதே நோய் கூடுதல். அவர்களுக்கு ஒருக்களித்துப் படுப்பதே ஒரு வைத்தியம். ரீ-சேட்டின் முதுகில் பை தைத்து ரெனிஸ் பந்து வைப்பது பழைய உபாயம். புரண்டால் குத்தும், உடம்பு தானாகத் திரும்பும். வுழூச் செய்து வலப்பக்கமாகச் சாய்ந்து படுக்குமாறு நபியவர்கள் (ஸல்) பராஉ இப்னு ஆஸிப் (ரழி) அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. அந்தச் சுன்னாவை நாம் நன்மைக்காகப் பேணுகிறோம். அதை வைத்திய விளம்பரமாக்கத் தேவையில்லை. கடுமையான நோயுள்ளவர் வலப்பக்கம் படுத்தால் போதும் என்று மெஷினைக் கைவிடுவது சுன்னாவைப் பேணியதாகவும் ஆகாது.

மாஸ்க் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், இலேசான, நடுத்தர நோயாளிகளுக்கும் பல் வைத்தியர் செய்து தரும் தாடைக் கருவி ஒன்று உண்டு. இரவில் பற்களில் மாட்டிக்கொண்டால் கீழ்த்தாடையைச் சற்று முன்னால் இழுத்து வைக்கும். நாக்கும் கூடவே முன்னால் வரும். கருவி பிடித்து நிற்கப் போதிய பற்கள் வேண்டும். கடையில் விற்கும், சுடுதண்ணீரில் மென்மையாக்கிக் கடிக்கும் வகை அதற்கு ஈடல்ல. ஆரம்பத்தில் தாடை நோகும். பல் வரிசையும் காலப்போக்கில் சற்று மாறலாம் என்பதால் தொடர்ந்து காட்ட வேண்டும்.

நாக்குக்கும் தொண்டைக்கும் பயிற்சி கொடுப்பதும் ஆராயப்பட்டிருக்கிறது. 2006இல் சுவிற்சர்லாந்தில் 25 பேரைத் தெரிந்து, ஒரு பகுதியினருக்கு அவுஸ்திரேலிய ஆதிக்குடிகளின் டிட்ஜெரிடூ என்ற நீண்ட ஊதுகுழலை நாலு மாதம் ஊதப் பழக்கினார்கள். ஊதியவர்களுக்குப் பகல் தூக்கமும் மூச்சடைப்பும் குறைந்தன. 2009இல் பிரேசிலில் 31 பேரிடம் நடந்த ஆய்வில், மூன்று மாதம் நாக்கு, தொண்டைப் பயிற்சி செய்தவர்களுக்கு மணித்தியால எண்ணிக்கை 22இலிருந்து 14 அளவுக்கு இறங்கியது. சிறிய ஆய்வுகள்தான். துணை வைத்தியமாக எடுத்துக்கொள்ளலாம். முழு வைத்தியமாக அல்ல.

இரண்டு எச்சரிக்கைகள். வைத்தியம் சரியாகும் வரை தூக்கக் கண்ணோடு வாகனம் ஓட்டக் கூடாது. உம்ராப் பயணியை ஏற்றிக்கொண்டு இராத்திரியில் கட்டுநாயக்கவுக்கு வேன் ஓட்டுகிறவர் தன் குறட்டையைப் பற்றி ஒரு தடவையாவது விசாரித்திருக்க வேண்டும். அடுத்தது, வேறெந்தச் சத்திரசிகிச்சைக்குப் போனாலும் மயக்கமருந்து கொடுக்கும் வைத்தியரிடம் இந்நோயைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மெஷினையும் கொண்டுபோக வேண்டும்.

கடைசியாக

மெஷின் விலையானது என்பது உண்மை. எங்கள் பள்ளிகள் சிலவற்றில் சக்கர நாற்காலியும் நோயாளிக் கட்டிலும் இரவல் கொடுக்கிறார்கள். மாஸ்க்கை மட்டும் அவரவர் வாங்கிக்கொள்ள, வைத்தியரின் கடிதத்தின் பேரில் இரண்டு மூன்று மெஷின்களையும் அந்த வரிசையில் வைக்கலாம். ஆனால் விலையை விடப் பெரிய தடை வெட்கம் என்றே எனக்குப் படுகிறது. முதல் வருடம் ராத்தா வீட்டில் தங்கிய இரண்டு இரவும் மெஷினைக் கொண்டுபோகவில்லை. மச்சான் பார்த்தால் என்ன நினைப்பார் என்ற எண்ணம். இப்போது கொண்டுபோகிறேன். மச்சானும் போன மாதம் பரிசோதனைக்குப் போனார்.

அண்மையில் உம்மாவிடம் கேட்டேன்: "வாப்பாட குறட்டை இடையில நிக்கிறதா, உம்மா?"

உம்மா கொஞ்சம் யோசித்தா. "ஓம் மகன், நிக்கும். நல்லா நிக்கும். அந்த நேரந்தான் நானும் கொஞ்சம் கண்ணயருவன்" என்றா.

உம்மாவிடம் நான் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. இதை வாசிக்கிறவர்களிடம் சொல்கிறேன். பக்கத்தில் படுத்திருப்பவரின் குறட்டை சட்டென்று நின்றால் நிம்மதியாகக் கண்ணை மூடாதீர்கள். எண்ணுங்கள். பத்தைத் தாண்டினால், காலையில் அவரிடம் சொல்லுங்கள். அவர் சிரித்தால், மறுபடியும் சொல்லுங்கள்.